பட்டாவில் பிழை, பத்திரத்தில் பிழை: எங்கே, யாரிடம், எந்த வரிசையில் திருத்துவது

தமிழ்நாட்டில் ஒரு நிலத்தின் விவரம் இரண்டு துறைகளில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். யார் யாருக்கு விற்றார், யார் அடமானம் வைத்தார் என்பதெல்லாம் பதிவுத்துறையில், சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். இப்போது யார் பெயரில் எவ்வளவு இருக்கிறது, நஞ்சையா புஞ்சையா, தீர்வை (நிலவரி) எவ்வளவு என்பது வருவாய்த்துறையில், வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். முதலாவது பத்திரம், இரண்டாவது பட்டா. பல பத்தாண்டுகளாக இந்த இரண்டு துறைகளும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாமலேயே எழுதி வந்தன. அதனால் பெரும்பாலான குடும்பங்களின் காகிதங்களில் எங்காவது ஒரு பிழை இருக்கத்தான் செய்யும். புல எண்ணில் (சர்வே நம்பரில்) ஒரு இலக்கம் மாறியிருக்கும், அப்பா பெயர் தப்பியிருக்கும், 1 ஏக்கர் என்பது 40 சென்ட் ஆகியிருக்கும்.

நிலத்தில் உழுது விதைக்கிறவரை இந்தப் பிழை யாரையும் தொந்தரவு செய்யாது. ஒருவர் இறந்த பிறகோ, விற்கப் போகும்போதோ, கடன் கேட்கும்போதோ, அரசு நிலம் எடுக்கும்போதோதான் தலைகாட்டும். அப்போது கையெழுத்துப் போட வேண்டியவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருக்க மாட்டார்கள்.

அப்பாவின் பெயரில் இருந்த நிலம் கைக்கு வந்திருப்பவர்களும், முதன்முதலாக நிலம் வாங்கப் போகிறவர்களும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். கிராமப்புறப் பட்டா நிலங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நகர நிலவரித் திட்டத்தில் உள்ள மனைகளுக்கும் நத்தம் (ஊர்க் குடியிருப்பு) மனைகளுக்கும் பதிவேடுகள் வேறு.

முதலில் காகிதங்களைச் சேருங்கள்

அலுவலகத்துக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா சிட்டா நகல், அ-பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணுக்கும் பரப்பு, நில வகை, பட்டாதாரர் பெயர் எழுதிய கிராமக் கணக்கு), புலப்படம் (அந்தப் புலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது அந்த நிலத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களுக்கு 1975 முதல் கணினியில் பார்க்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு வாங்க வேண்டும். இவற்றோடு வீட்டுப் பெட்டியில் இருக்கும் எல்லாப் பத்திரங்களையும், பழைய கையெழுத்துப் பட்டாவையும், தீர்வை ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். பழைய கிஸ்தி (தீர்வை) ரசீதைக் குப்பை என்று நினைத்துவிட வேண்டாம். 1970-களில் யார் பெயரில் தீர்வை கட்டினார்கள் என்பதற்குச் சில சமயம் அது ஒன்றுதான் ஆதாரம்.

ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு காகிதத்திலும் இருப்பதை வரிசையாக எழுதுங்கள்: கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், நில வகை, நான்கெல்லை. எழுதி முடித்ததும் எந்தக் கட்டம் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்பது தானாகத் தெரியும். பத்திர எழுத்தரிடமோ வக்கீலிடமோ போவதற்கு முன் இந்தத் தாள் உங்கள் கையில் இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

பரப்பு: பிழை எது, பிழை இல்லாதது எது

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பத்திரம் ஏக்கரிலும் சென்ட்டிலும் பேசும். பட்டா ஹெக்டேரிலும் ஏரிலும் பேசும். 1 ஹெக்டேருக்கு 100 ஏர். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 1 ஏக்கர் ஏறக்குறைய 40.5 ஏர்.

பட்டாவில் பரப்பு "0 - 40.50" என்று இருந்தால் அது 1 ஏக்கர். அதை நாற்பதரை சென்ட் என்று படித்துப் பத்திரம் எழுதினால் 1 ஏக்கர் வாங்கியவருக்கு 40½ சென்ட்தான் காகிதப்படி கைமாறும். மிச்சம் 59½ சென்ட் விற்றவரிடமே நிற்கும். வேலி முழுவதும் வாங்கியவர் கையில் இருக்கும், காகிதம் மட்டும் இல்லை. விற்றவரின் பேரன் ஒருநாள் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு, "எங்கள் தாத்தா இதை விற்கவே இல்லையே" என்று வந்து நிற்பான். அவன் சொல்வது காகிதப்படி சரியாகவும் இருக்கும். அதே மாதிரி "1 - 21.50" என்றால் 3 ஏக்கர். 1 ஏக்கர் 21 சென்ட் என்று படித்துவிடக் கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பத்திரத்தில் 1.00 ஏக்கர், பட்டாவை மாற்றிப் பார்த்தால் 1.01 ஏக்கர் என்று வந்தால் பதற வேண்டாம். பழைய ஏக்கர் கணக்கை ஏராக மாற்றும்போது பெரும்பாலும் அரை ஏருக்கு முழுமையாக்கி எழுதினார்கள். ஒரு சென்ட் அளவுக்கு ஏற்ற இறக்கம் வரத்தான் செய்யும். இதற்கெல்லாம் மனு எழுதிக்கொண்டு அலைவது வீண்வேலை. 5 சென்ட், 10 சென்ட் என்று வித்தியாசம் வந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

பிழை எங்கே பிறந்தது?

என் அனுபவத்தில் ஆட்கள் வருடக்கணக்கில் அலைவதற்கு முக்கியக் காரணம், பிழை பிறந்த இடத்தை விட்டுவிட்டு அது கண்ணில் பட்ட இடத்தில் திருத்தப் பார்ப்பதுதான். கணினிப் பட்டாவில் தப்பாக இருக்கிறது என்று இ-சேவை மையத்தில் மனு மேல் மனு போடுவார்கள். ஒவ்வொன்றும் நிராகரிக்கப்படும். காரணம், தப்பு கணினியில் இல்லை. 1985-இல் ஒருவர் கையால் எழுதிய பதிவேட்டில் இருக்கும்.

பட்டாப் பிழைகளில் பெரும்பங்கு யூ.டி.ஆர். காலத்தில் பிறந்தவை. நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்பது அதன் பெயர். 1979-இல் தொடங்கி 1987 வரை ஊர் ஊராக நடந்தது. ஏக்கரை ஹெக்டேராக்கினார்கள். பழைய பட்டாதாரர் பெயரை எடுத்துவிட்டு அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயரை எழுதினார்கள். உட்பிரிவுகளைப் புதிதாகப் பிரித்தார்கள். இந்த வேலை பாதியில் இருக்கும்போதுதான், 1980-இல், பரம்பரையாக இருந்த கர்ணம், மணியம் ஆகிய கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பதவி ஒழிப்பு சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஆனால் எந்த வயல் யாருடையது, எந்தப் பங்காளி எந்த வரப்புவரை என்று மனப்பாடமாக வைத்திருந்த ஆள், பதிவேடு முழுக்கத் திருத்தி எழுதப்படும் வருடங்களில் அலுவலகத்தில் இல்லை. அண்ணன் தம்பி நிலத்தில் அண்ணன் பெயர் மட்டும் ஏறியது, குத்தகைக்காரர் பெயர் பட்டாவில் உட்கார்ந்தது, ஊரில் இல்லாதவர்களின் பட்டா நிலம் அனாதீனம் (உரிமையாளர் இல்லாதது) என்றோ தரிசு என்றோ ஆனது, இப்படி இன்றுவரை வழக்காக ஓடிக்கொண்டிருப்பவற்றில் பல அந்த வருடங்களில் தொடங்கியவை.

அடுத்தது கணினியில் ஏற்றும்போது வந்த பிழைகள். கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் "முத்துசாமி"யை "முத்துராமன்" என்று படித்தார், 3-ஐ 8 என்று அடித்தார், அவ்வளவுதான். மூன்றாவது வகை, பத்திரம் எழுதும்போதே நேர்ந்தது. நான்காவது, உட்பிரிவு செய்த நில அளவர் கோட்டை இடம் மாற்றிப் போட்டது.

இவற்றைப் பிரித்துக் கண்டுபிடிக்க வழி எளிது. மூன்று பதிவேடுகளை ஒப்பிட வேண்டும்: இப்போதைய கணினி அ-பதிவேடு, யூ.டி.ஆர். காலக் கையெழுத்து அ-பதிவேடு, அதற்கும் முந்தைய, தீர்வை நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேடு. முதலாவதை நீங்களே எடுத்துவிட்டீர்கள். இரண்டாவது வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். மூன்றாவதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் நகல் மனு போட வேண்டும். கேட்டால் கிடைக்கவில்லை, தேடுகிறோம் என்று இழுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய புல எண் வேறாக இருக்கக்கூடும் என்பதால், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டு விவரத்தையும் சேர்த்துக் கேட்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் வேறு யாருடைய வயலின் நகலையோ வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

கையெழுத்துப் பதிவேடு சரி, கணினி தப்பு என்றால் அது தட்டச்சுப் பிழை. செட்டில்மெண்ட் சரி, யூ.டி.ஆரிலேயே தப்பு என்றால் அது யூ.டி.ஆர். பிழை. எல்லாப் பதிவேடும் சரி, பத்திரம் மட்டும் தப்பு என்றால் சார்பதிவாளர் அலுவலகம் பக்கம் போக வேண்டும்.

தட்டச்சுப் பிழைக்கு

இது இருப்பதிலேயே சுலபமானது. வட்டாட்சியருக்கு ஒரு மனு போதும். கதை எழுத வேண்டாம். பொருள் வரியிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும்:

"பொருள்: … வட்டம், … கிராமம், புல எண் 112/3, பட்டா எண் 458 – பட்டாதாரர் தந்தை பெயர் கணினிப் பதிவில் தவறாக உள்ளது – யூ.டி.ஆர். அ-பதிவேட்டின்படி திருத்தம் செய்யக் கோருதல்."

அதன் கீழே மூன்று வாக்கியம்: இப்போது கணினியில் எப்படி இருக்கிறது, கையெழுத்துப் பதிவேட்டில் எப்படி இருக்கிறது, என்னவாகத் திருத்த வேண்டும். இணைப்பாக இரண்டு பதிவேட்டின் நகல், பத்திர நகல், ஆதார் நகல். மனுவைக் கொடுத்ததும் தேதி, முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புகை இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம். கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் அறிக்கை போன பிறகு திருத்தம் வரும். ஒவ்வொரு வருடமும் பசலி (வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு) முடியும் நேரத்தில், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், வட்ட அளவில் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குத் தணிக்கை நடக்கும். கிராமக் கணக்குகள் எல்லாம் அன்று ஒரே இடத்துக்கு வருவதால், இந்த வகை மனுவைக் கொடுக்க அது நல்ல நாள்.

யூ.டி.ஆர். பிழைக்கு

இங்கே பொறுமை வேண்டும். பட்டாவில் வேறொருவர் பெயர் 40 வருடமாக இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் அவரையோ அவர் வாரிசுகளையோ விசாரிக்காமல் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. சிறிய பிழைகளைக் கீழ்மட்டத்திலேயே முடித்துவிடுவார்கள். பெயரே மாறிப்போனவை, நில வகையே மாறிப்போனவை மேலே வருவாய்க் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும். விசாரணைக்கு இரு தரப்புக்கும் அறிவிப்பு வரும்.

அந்த விசாரணையில் நீங்கள் காட்ட வேண்டியது ஒரு தொடர்ச்சி. செட்டில்மெண்ட் பதிவேட்டில் இருந்த பெயர், அவரிடமிருந்து உங்கள் குடும்பத்துக்கு வந்த பத்திரம், தீர்வை ரசீதுகள், அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) யார் சாகுபடி என்ற குறிப்பு. இதில் எந்தக் கண்ணியும் விடுபடாமல் இருக்க வேண்டும். நடுவில் எந்தக் கட்டத்திலும் அந்த இன்னொருவருக்கு நீங்கள் விற்கவில்லை என்பதற்கு வில்லங்கச் சான்று. இவ்வளவும் இருந்தால் வழக்கறிஞர் இல்லாமலே நின்றுவிடலாம்.

வட்டாட்சியர் உத்தரவு உங்களுக்கு எதிராகப் போனால் 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. அங்கேயும் முடியவில்லை என்றால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. ஆனால் எதிர்த்தரப்பு "நிலமே என்னுடையது" என்று உரிமை கொண்டாடினால், வருவாய்த்துறை உங்களை உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகச் சொல்லும். நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் வட்டாட்சியருக்குக் கிடையாது. பட்டா ஒன்றை மட்டும் வைத்து உரிமையை நிரூபிக்க முடியாது என்று நீதிமன்றங்களும் பலமுறை சொல்லியிருக்கின்றன. அப்படியானால் பட்டா பிழையாக இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குக் கீழே வருகிறேன்.

பத்திரப் பிழைக்கு

சார்பதிவாளர் தானாகத் திருத்தித் தர மாட்டார். பதிவான பத்திரத்தில் பேனா வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பிழைத் திருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுதி, முதல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அதே தரப்பினர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். முதல் பத்திரத்தின் ஆவண எண், வருடம், எந்தப் பக்கத்தில் எந்த வரி தவறு, சரியானது எது என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

பெயரில் எழுத்துப் பிழை, எல்லையில் திசை மாறியது, உட்பிரிவு எண் விடுபட்டது போன்றவற்றைப் பிழைத் திருத்தல் பத்திரத்தில் முடிக்கலாம். புல எண்ணே முழுக்க மாறி வேறு நிலமாகிறது, அல்லது பரப்பு கூடுகிறது என்றால் சார்பதிவாளர் அதைத் திருத்தமாகப் பார்க்காமல் புதிய கிரயமாகப் பார்த்து முழு முத்திரைத்தீர்வை கேட்கக்கூடும். எழுதுவதற்கு முன்பே வரைவைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. நான்கெல்லை சரியாக இருந்து பரப்பு மட்டும் தப்பாக இருந்தால் மனம் தளர வேண்டாம். எல்லையும் பரப்பும் முரண்படும்போது பொதுவாக நீதிமன்றங்கள் எல்லைக்குத்தான் முன்னுரிமை தருகின்றன. அதனால்தான் பத்திரம் எழுதும்போது "வடக்கில் பாதை" என்று போகிறபோக்கில் எழுதாமல், யாருடைய எந்தப் புல எண் நிலம் என்று எழுதச் சொல்கிறேன்.

விற்றவர் உயிரோடு இருந்தால் ஒரே ஒரு நாள் வேலை. அவரைக் காரில் அழைத்துப் போய், சாப்பாடு வாங்கிக் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டால் முடிந்தது. அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் வர வேண்டும். ஒருவர் துபாயில் இருப்பார். ஒருவர் தங்கைகளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார். ஒருவர் மைனர் என்றால் நீதிமன்ற அனுமதிவரை போக வேண்டியிருக்கும். பவர் ஏஜென்ட் (உரிமையாளரிடம் அதிகாரப் பத்திரம் பெற்றவர்) விற்ற நிலமாக இருந்தால் இன்னும் கவனம்: பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அவரோடு போயிற்று. ஏஜென்ட் இப்போது போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

வர மாட்டேன் என்று அடம்பிடித்தால் 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இருக்கிறது. இரு தரப்புக்கும் பொதுவாக நேர்ந்த தவறு அல்லது மோசடி என்று காட்டி, பத்திரத்தைத் திருத்த நீதிமன்றத்தைக் கேட்கலாம். இந்த மாதிரி வழக்குகளுக்குப் பொதுவாக 3 ஆண்டு காலவரம்பு. பிழை தெரியவந்த நாளிலிருந்து அதைக் கணக்கிடச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் "எப்போது தெரிந்தது" என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். எனவே தெரிந்த பிறகு சும்மா இருக்காதீர்கள், ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பிழை உங்கள் பத்திரத்தில் இல்லாமல் உங்களுக்கு விற்றவர் வாங்கிய மூலப் பத்திரத்தில் இருந்தால், மேலேயிருந்து கீழே வர வேண்டும். மூலத்தை விட்டுவிட்டு உங்கள் பத்திரத்தை மட்டும் திருத்தினால், அவருக்கே சொந்தமில்லாத எண்ணை உங்களுக்கு விற்றதாக ஆகிவிடும்.

அளவுப் பிழைக்கு

புலப்படத்தில் உட்பிரிவுக் கோடு ஒரு இடத்தில், தரையில் வரப்பு வேறு இடத்தில் என்றால் கட்டணம் கட்டி நில அளவைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்பு போகும். அவர்களும் நிற்கட்டும். அவர்கள் இல்லாமல் அளந்து ஊன்றிய கல் அடுத்த மழைக்குள் காணாமல் போகும். தனியார் அளவர் அளந்த வரைபடம் உங்கள் தெளிவுக்கு உதவும், பதிவேட்டை மாற்றாது.

பெயர்கள்

இறந்தவரின் பெயர் பிழையாக இருப்பதுதான் அதிகச் சிக்கல். பத்திரத்தில் "முத்து", பட்டாவில் "முத்துச்சாமி", இறப்புச் சான்றில் "எம். முத்துசாமி". இறந்தவர் இனி வந்து ஆதாரையும் பத்திரத்தையும் திருத்த முடியாது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கும்போதே "முத்து என்கிற முத்துச்சாமி" என்று வரும்படி கேளுங்கள். இறப்புப் பதிவில் பிழை இருந்தால் 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி பதிவாளரே திருத்தலாம். துக்க வீட்டில் யாரோ ஒரு பையனை அனுப்பிப் பெயர் கொடுக்கச் சொல்வதால் வரும் வினைதான் இதில் பாதி. உயிரோடு இருப்பவர்களுக்கு: ஆதாரில் உள்ளபடி ஒரு பெயரை முடிவுசெய்து இனி எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள்.

வாரிசுகளில் ஒருவரை விட்டுவிடுவதும் பிழைதான். இதை ஊரில் யாரும் பிழை என்று சொல்வதில்லை. "அக்காவுக்குத்தான் நகை போட்டாச்சே" என்று சொல்லி அண்ணன் தம்பிகள் பெயரில் மட்டும் பட்டா வாங்கிவிடுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியம் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சமமாகப் போகும். மகளை மறைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தாயை மறப்பதுதான் தெரியாமல் நடக்கிறது. மகன் இறக்கும்போது பாட்டி உயிரோடு இருந்திருந்தால் பாட்டிக்கு ஒரு பங்கு. பிறகு பாட்டி உயில் இல்லாமல் இறந்தால் அந்தப் பங்கு பாட்டியின் மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது உங்கள் சித்தப்பா, அத்தைகள் கையெழுத்தும் வேண்டும். வாங்குபவரின் வழக்கறிஞர் இறப்புத் தேதிகளைக் கேட்பது இதற்காகத்தான். அந்தக் கேள்விக்குக் கோபப்பட வேண்டாம்.

விட்டால் என்ன ஆகும்?

பட்டா உரிமையைத் தீர்மானிக்காது என்று மேலே சொன்னேன். ஆனால் அன்றாடம் பணம் வரும் வழிகள் எல்லாம் பட்டாவைத்தான் பார்க்கின்றன. பி.எம். கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. நிலம் சொந்தப் பெயரில் இல்லாவிட்டாலோ ஆதார் பெயர் ஒத்துவராவிட்டாலோ தவணை நிற்கும். கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். தாத்தா பெயரில் பட்டா இருக்கும் வரை, வெள்ளம் வந்து பயிர் போனால் நிவாரணப் பட்டியலில் பெயர் ஏற்றுவது பெரும்பாடு.

நில வகையில் பிழை இருந்தால் அடி பலமானது. உங்கள் பட்டா நிலம் பதிவேட்டில் புறம்போக்கு என்றோ கோயில் நிலம் என்றோ ஆகியிருந்தால் சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிய மறுப்பார். மகள் திருமணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது விற்கப் போய் இதைத் தெரிந்துகொள்பவர்கள் பலர். யூ.டி.ஆர். விசாரணை மூன்று மாதத்தில் முடியாது.

நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது அறிவிப்பில் வருவது பதிவேட்டில் உள்ள பெயர். பணம் யாருக்கு என்பதில் தகராறு வந்தால், 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி அதை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்திலும், தகராறு உள்ள தொகையை அதற்கான ஆணையத்தில் கட்டிவிட்டு வேலையைத் தொடங்க வழி இருக்கிறது. சாலை போட்டுப் பேருந்தும் ஓடிக்கொண்டிருக்கும். இழப்பீடு மட்டும் வழக்கு எண்ணோடு கிடக்கும்.

தவறுதலாகப் பெயர் ஏறியவர் நல்லவராக இருக்கலாம். அவர் பிள்ளைகள் அந்தப் பட்டாவைக் காட்டி அடமானம் வைக்கலாம், விற்கலாம். வாங்கியவர் வேலி போட்டு 12 ஆண்டு எதிரிடையாக, அதாவது உங்கள் உரிமையை மறுத்து வெளிப்படையாக அனுபவித்துவிட்டால், காலவரம்புச் சட்டத்தைக் காட்டி "இனி எனக்கே சொந்தம்" என்று வாதாட இடம் கிடைக்கும். வெளியூரில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது கணினியில் தங்கள் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். செலவு ஒன்றுமில்லை.

கையெழுத்துக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இன்று விற்றவர் ஒருவர், ஒரு கையெழுத்து. அவர் இறந்தால் மனைவியும் நான்கு பிள்ளைகளுமாக ஐந்து. தாயும் அந்தப் பிள்ளைகளும் இறந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் துணையும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் பதினாறு. அதில் சம்மதிக்காத ஒருவர் போதும், வழக்கு தொடங்கிவிடும். நிலத்தின் விலையும் இதற்கிடையில் ஏறியிருக்கும். விலை ஏற ஏற, இலவசமாகக் கையெழுத்துப் போட ஆள் குறையும்.

எதை முதலில் செய்வது

கையில் நான்கைந்து பிழை இருந்தால் இந்த வரிசையில் போகலாம். வயதானவர்களின் கையெழுத்து தேவைப்படுவது எதுவோ அது முதலில், மற்ற எல்லாம் காத்திருக்கலாம். பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. அதன் பிறகு பத்திரம். பத்திரம் சரியான பிறகு பட்டா. கடைசியாக உட்பிரிவும் தனிப்பட்டாவும். பத்திரத்தைத் திருத்தாமல் பட்டாவுக்குப் போனால் வட்டாட்சியர் பத்திரத்தைத்தான் கேட்பார்.

"நான் எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்று தாலுகா வாசலில் ஒருவர் வருவார். அவரிடம் அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். எந்த அலுவலகத்திலும் மனுவோடு அசலை இணைக்கத் தேவையில்லை. விசாரணையன்று காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

திருத்த உத்தரவு கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். உத்தரவு போட்டும் கணினியில் ஏறாமல் கிடப்பது சாதாரணம். சில நாள் கழித்துப் பட்டாவை மட்டுமல்லாமல் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிழைத் திருத்தல் பத்திரம் போட்டிருந்தால் வில்லங்கச் சான்றில் அது உங்கள் மூல ஆவண எண்ணோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். திருத்த உத்தரவின் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), தேதி இரண்டையும் பத்திரக் கட்டின் மேலுறையில் எழுதி வையுங்கள். அடுத்த பசலிக்குத் தீர்வை கட்டும்போது வி.ஏ.ஓ. தரும் ரசீதில் புதிய பெயர் வருகிறதா என்று அங்கேயே நின்று படித்துவிட்டு வாங்குங்கள்.